தனித்திருந்து இசைத்தோர் கண்ட சங்கம்

கொல்கத்தா மாநகரில் விக்டோரியா நினைவு மண்டபத்திற்கு அண்மையில், வெண்ணிறக் கோபுரத்துடன் விளங்கும் புனித பவுல் பேராலயத்தை நம்முள் அறியாதார் இலர். 1847-ஆம் ஆண்டில் பிரதிஷ்டை செய்யப்பட்ட கோயில் அது. பிழைப்பு நாடி இந்நகருக்கு வந்த முதல் ஆண்டில், மார்கழிக் குளிர் மிக்க ஒரு மாலையில், நண்பர் ஒருவருடன் அங்குச் சென்றேன். கிறிஸ்துமஸ் கீதங்கள் பாடப்பெறும் நாள் அது. திடீரெனச் சுவர்களும் தரையும் அதிரும்படி ஒரு பேரொலி எழுந்தது. எங்கிருந்து எழுகின்றது, யார் எழுப்புகின்றார் என்று சுற்றுமுற்றும் நோக்கினேன், ஒருவரையும் காணேன். "அதுதான் ஆர்கன், இலண்டனில் வில்லிஸ் என்பார் நிறுவிய தொழிற்கூடத்தில் உருவானது. வாசிப்பவர் நம் கண்ணுக்குத் தெரியமாட்டார்" என்றார் நண்பர். "அவருக்கு உடல்நலம் குன்றினால் யார் வாசிப்பார்?" என்று கேட்டேன். நண்பர் சற்றுச் சிந்தித்துவிட்டு, "இத்தகைய கருவியை வாசிப்போர் ஓர் ஊரில் எத்தனை பேர் இருக்கப்போகின்றனர்! தேடித்தான் பிடிக்க வேண்டும்" என்றார்.

அவ்விடை என் உள்ளத்தில் நெடுநாள் தங்கிவிட்டது. பாடகருக்குப் பக்கத்தில் வயலின்காரர் இருக்கிறார், மிருதங்கக்காரர் இருக்கிறார். நாதசுரக் கலைஞருக்குத் தவில்காரர் இருக்கிறார். ஆர்கன் வாசிப்பவரோ தன்னந்தனியே அமர்ந்து வாசிக்கின்றார். இத்தகைய தனியர்கள் மேலைநாடுகளில் எவ்வாறு ஒன்றுகூடினர், கூடியதனால் பெற்ற நன்மைகள் யாவை என்பதனை வரலாற்று வழியில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சொந்த ஊரைவிட்டு வந்து சங்கம் கண்டு வாழும் நமக்கு அவ்வரலாறு அந்நியமானதன்று.

கருவியும் தனிமையும்

ஆர்கன் என்பது யாது? நம் வீடுகளில் பெட்டியாக இருக்கும் ஆர்மோனியத்திற்கு அஃது உறவுமுறையில் மூத்தோன் எனலாம். இரண்டிலும் துருத்தியின் காற்றே ஒலியைப் பிறப்பிக்கின்றது. ஆர்மோனியத்தில் பித்தளை நாக்குகள் அதிர்கின்றன. ஆர்கனிலோ உலோகத்தாலும் மரத்தாலும் ஆன குழல்கள் ஒலிக்கின்றன. ஒவ்வொரு சுரத்திற்கும் ஒரு குழல்; ஒவ்வொரு வகை நாதத்திற்கும் ஒரு குழல் வரிசை. ஸ்டாப் எனப்படும் குமிழை இழுத்தால் ஒரு வரிசை பேசத் தொடங்கும். உள்ளே தள்ளினால் அது வாய்மூடும். சுண்டுவிரலளவே உள்ள குழலும் உண்டு. பதினாறடி, முப்பத்திரண்டடி நீளமுள்ள குழலும் உண்டு. பெரிய கருவிகளில் குழல்களின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் செல்லும். கைகளுக்கு இரண்டு மூன்று கட்டை வரிசைகள் அமைந்திருப்பதோடு, கால்களால் வாசிப்பதற்கென ஒரு மிதிகட்டை வரிசையும் கீழே அமைந்திருக்கும்.

கி. மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரத்துத் தெசிபியசு என்னும் பொறிவல்லுநர், நீரின் அழுத்தத்தால் காற்றைச் சீராக்கி ஒலிக்கும் கருவி ஒன்றை அமைத்தார். அதுவே ஆர்கனின் மூதாதை. கி. பி. 757-ஆம் ஆண்டில் பைசாந்தியப் பேரரசர் ஐந்தாம் கான்சுடன்டைன், பிராங்கியர் மன்னர் பெப்பினுக்கு ஆர்கன் ஒன்றைப் பரிசாக அனுப்பினார். பின்னர் அது மேற்கு ஐரோப்பாவின் கோயில்களுக்குள் குடிபுகுந்தது.

இக்கருவியின் இயல்பினாலேயே இதனை வாசிப்போர் மூவகைத் தனிமைக்கு ஆளாயினர். முதலாவது, இதனைத் தூக்கிச் செல்ல இயலாது. வீணையை எடுத்துக்கொண்டு மற்றொரு வித்துவான் வீட்டிற்குச் செல்வதுபோல இவர் செல்ல முடியாது. கட்டடத்தோடு கட்டடமாய் அது நிற்கின்றது. இரண்டாவது, ஒரு கோயிலின் கருவியைப்போல் மற்றொரு கோயிலின் கருவி இராது. ஓரிடத்தில் இரண்டு கட்டை வரிசை, மற்றோரிடத்தில் நான்கு. குமிழ்களின் பெயரும் இடமும் வேறு. கட்டையை அழுத்துவதற்கும் ஒலி செவியில் விழுவதற்கும் இடையே உள்ள காலமும் வேறு. ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் தடுமாறும். மூன்றாவது காரணமே மிகவும் கொடியது. ஒரு நகரத்து ஆர்கன் கலைஞர் அனைவரும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தத்தம் கோயிலில் வாசித்துக்கொண்டிருப்பர். எனவே ஒருவர் வாசிப்பதை மற்றொருவர் கேட்கும் வாய்ப்பே அரிது. அடுத்த தெருவில் இருப்பவர் தம்மினும் வல்லவரா, தம்மிடம் கற்கவேண்டியவரா என்பதனை அறியாமலே ஒருவர் வாழ்ந்து மறைந்துவிடக் கூடும்.

மின்சாரம் வருமுன் பயிற்சி செய்வதற்குங்கூட மற்றொருவர் துணை வேண்டியிருந்தது. துருத்தியை மிதிக்கவோ இறைக்கவோ ஆள் வைத்தாலன்றிக் குழலில் ஒலி எழாது. குளிர்காலத்தில் வெப்பமின்றி விறைத்துக் கிடக்கும் கோயிலில், கூலி கொடுத்து அமர்த்திய ஆள் காற்றை இறைக்க, ஒருவர் தனியே அமர்ந்து பயின்ற காட்சியை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நடந்து சென்ற மாணாக்கர்

சங்கம் இல்லாத காலத்தில் ஒரு கலைஞர் தம் துறையில் வல்லாரைக் காண எத்துணைத் துன்புற வேண்டியிருந்தது என்பதற்குச் சான்றாக விளங்குபவர் யோவான் செபாஸ்தியான் பாக் ஆவார். 1703-ஆம் ஆண்டில், பதினெட்டு வயது இளைஞராக, ஜெர்மனியில் ஆர்ன்ஷ்டாட் என்னும் ஊரில் புதிதாக அமைக்கப்பட்ட ஆர்கனைச் சோதித்துப் பார்க்கும் பொருட்டு அவர் அழைக்கப்பட்டார். அவ்வாண்டே அக்கோயிலின் ஆர்கன் கலைஞராகவும் அமர்ந்தார். ஊரில் அவரோடு இத்துறையில் ஒப்பிட்டுப் பேசத்தக்க பெரியார் இலர். வடக்கே லூபெக் நகரத்தில் புக்ஸ்டஹூட என்னும் முதுபெரும் கலைஞர் இருந்தார். 1705-ஆம் ஆண்டின் இறுதியில், நான்கு வாரம் விடுப்புப் பெற்று, ஏறத்தாழ நானூறு கிலோமீட்டர் தொலைவைக் கால்நடையாகவே கடந்து அவரைக் காணச் சென்றார் பாக்.

நான்கு வாரத்தில் திரும்ப வேண்டியவர் ஏறத்தாழ நான்கு திங்கள் கழித்தே திரும்பினார். 1706-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கோயில் ஆட்சியாளர் அவரை அழைத்து விளக்கம் கேட்டனர். தம் கலையில் சிலவற்றைக் கற்றறியச் சென்றதாக அவர் மறுமொழி கூறினார். அவ்வாட்சியாளரைக் குறைகூறுவதில் பயனில்லை. வேலைக்கு அமர்த்தியவர் கணக்குக் கேட்பது இயல்பே. ஆயினும் இந்நிகழ்ச்சியில் ஓர் உண்மை பொதிந்திருக்கின்றது. பாக் போன்ற பேரறிவாளருக்கே பிறர் வாசிப்பைக் கேட்கவேண்டும் என்னும் வேட்கை அத்துணை மிகுந்திருந்ததாயின், ஏனையோர் நிலையை என்னென்பது! நானூறு கிலோமீட்டர் நடக்கும் காலும் துணிவும் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. அந்நடையை மாலைநேரத்து ஒரு சிறு பயணமாகக் குறுக்கித் தந்ததே பிற்காலத்து ஊர்ச்சங்கங்களின் முதற்பயன்.

கேட்பாரற்ற காலம்

சங்கம் இல்லாமையால் விளைந்த கேடுகளும் உண்டு. இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் நிகழ்ந்த காலத்தில், 1644-ஆம் ஆண்டு, கோயில்களில் உள்ள ஆர்கன்களை அகற்ற வேண்டும் என்று பாராளுமன்றம் கட்டளையிட்டது. பல கருவிகள் உடைத்தெறியப்பட்டன. அவற்றை வாசித்துப் பிழைத்தோர் வாழ்வும் அவற்றோடு சிதைந்தது. 1660-இல் முடியாட்சி மீண்ட பின்னரே கோயில்களில் ஆர்கன் ஒலி மீண்டும் பரவலாயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் அக்கலைஞர்களுக்காகப் பேசுவதற்கென அவர்தம் தொழிற்கழகம் எதுவும் இருக்கவில்லை.

இசைவாணர் வறுமையைத் துடைக்கும் முயற்சி 1738-ஆம் ஆண்டில் இலண்டனில் தோன்றியது. கிச் என்னும் ஓபோ கலைஞர் வறுமையில் மாண்டார். அவருடைய புதல்வர் இருவர் பாற்கழுதைகளை ஓட்டிக்கொண்டு தெருவில் செல்வதை அவரோடு வாசித்த தோழர்கள் கண்டனர். கண்டு வருந்தியதோடு நில்லாமல், நலிந்த இசைவாணர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் உதவும் நிதி ஒன்றை நிறுவினர். புகழ்பெற்ற இசையாசிரியரும் ஆர்கன் வல்லுநருமான ஹாண்டல் அதனைத் தோற்றுவித்தோருள் ஒருவர்; புனித பவுல் கோயிலின் ஆர்கன் கலைஞரான மாரிஸ் கிரீன் என்பாரும் அவர்களுள் ஒருவர். 1759-இல் ஹாண்டல் மறைந்தபோது அந்நிதிக்கென ஆயிரம் பவுன் எழுதிவைத்திருந்தார். அதுவே இன்று அரச இசைவாணர் சங்கம் என வழங்குகின்றது. இஃது எல்லாக் கருவியாளர்க்கும் பொதுவானது. ஆர்கன் கலைஞர்க்கெனத் தனியே ஓர் அமைப்பு ஏற்பட மேலும் நூறாண்டுகளுக்கு மேல் கடக்க வேண்டியிருந்தது.

இலண்டனில் எழுந்த கல்லூரி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தெங்கும் தொழில் நகரங்கள் பெருகின, கோயில்கள் பெருகின, ஆர்கன்களும் பெருகின. ஆனால் வாசிப்போரின் தகுதியை அளக்கும் கோல் ஒன்றும் இல்லை. சிபாரிசும் உறவும் உள்ளவர்க்கு இடம் கிடைத்தது. கற்றவர் வெளியே நின்றனர். தகுதி இருந்தும் தடைப்பட்டோருக்கு எலிசபெத் ஸ்டர்லிங் அம்மையார் ஓர் எடுத்துக்காட்டு. 1819-இல் பிறந்த அவர், 1837-ஆம் ஆண்டில், பதினெட்டு வயதிலேயே, பாக்கின் அரிய படைப்புகளைக் காலாலும் கையாலும் இலண்டன் மக்கள் முன் வாசித்துப் புகழ்பெற்றவர். 1856-ஆம் ஆண்டில் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தின் இசைப்பட்டத்திற்கு உரிய படைப்பை எழுதி அனுப்பினார். படைப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டது, ஆயினும் பட்டம் வழங்கப்படவில்லை. அவர் பெண் என்பதே காரணம்! எனினும் அவர் சோர்ந்தாரல்லர். 1858-இல் போட்டியில் வென்று புனித அந்திரேயா அண்டர்ஷாப்ட் கோயிலின் ஆர்கன் கலைஞராகி, 1880 வரை அப்பணியை ஆற்றினார்.

இத்தகைய சூழ்நிலையில், இலண்டன் கார்ன்ஹில் பகுதியிலுள்ள புனித மிக்கேல் கோயிலின் ஆர்கன் கலைஞர் ரிச்சர்டு லிம்பஸ் என்பார், 1864-ஆம் ஆண்டில் ஆர்கன் கலைஞர் கல்லூரியை நிறுவினார். கல்லூரி என்ற பெயரைக் கேட்டு வகுப்பறைகளும் விடுதிகளும் நிறைந்த மாளிகையை எண்ணிவிடலாகாது. தொழில் செய்வோர் தாமே கூடித் தம்முள் தேர்வு நடத்தித் தகுதிச் சான்று வழங்கும் கழகமே அது. இரண்டே ஆண்டுகளில், 1866-இல், தேர்வுகள் தொடங்கின. 1893-ஆம் ஆண்டில் அரச சாசனம் கிடைத்தது. அதன்பின் அது அரச ஆர்கன் கலைஞர் கல்லூரி எனப் பெயர் பெற்றது.

அதன் தேர்வு எளிதானதன்று. குறித்த படைப்புகளை வாசித்தல் ஒரு பகுதி மட்டுமே. முன்பின் கண்டிராத இசைத்தாளைப் பார்த்தவுடன் வாசிக்க வேண்டும். ஒரு சுருதியில் எழுதியதை மற்றொரு சுருதிக்கு மாற்றி அந்நொடியே வாசிக்க வேண்டும். தரப்பட்ட சிறு இசைத்துணுக்கைக் கொண்டு கற்பனையாக விரித்துக் காட்ட வேண்டும். கோயிற்பணியில் நாள்தோறும் நேரும் இடர்களே இங்குத் தேர்வாக அமைக்கப்பட்டன. தேர்வில் வென்றவர் எவ்வூருக்குச் சென்றாலும் தம் பெயருக்குப் பின் உள்ள சில எழுத்துகளைக் காட்டி, 'யான் கற்றவன்' என்று சொல்ல முடிந்தது. அதனை அளித்தவர் அரசரல்லர், செல்வரல்லர். அதே தொழிலில் ஊறிய தோழர்களே. இதுவே சங்கம் தந்த இரண்டாவது பயன்.

மூன்றாவது பயன் துன்பக்காலத்துத் துணையாகும். பெரும்பாலான ஆர்கன் கலைஞர்க்குக் கோயிலில் கிடைத்த ஊதியம் சிறிது. இசை கற்பித்தும் பிற தொழில் செய்தும் காலம் கழித்தனர். கை நடுங்கினால் வேலை போகும். வேலை போனால் குடும்பம் வாடும். 1909-ஆம் ஆண்டில் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தின் ஆர்கன் கலைஞர் சர் பிரடெரிக் பிரிட்ஜ் என்பார், நலிந்த ஆர்கன் கலைஞர்க்கு உதவும் பொருட்டு ஓர் அறநிதியைத் தொடங்கினார். நாட்டின் முதன்மையான கோயிலில் அமர்ந்தவர், பெயரறியாத சிற்றூர்க் கலைஞரை நினைத்தார். சங்கம் என்ற உணர்வு இல்லையேல் அந்நினைவு தோன்றியிருக்குமோ?

கடல் கடந்த கிளைகள்

இலண்டன் கல்லூரியை முன்மாதிரியாகக் கொண்டு, 1896-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்தில் அமெரிக்க ஆர்கன் கலைஞர் கழகம் தோன்றியது. அதனை நிறுவியோர் 145 பேர். பெண்களும் அவர்களுள் இருந்தனர். ஆனால் அமெரிக்கா பரந்த நாடு. நியூயார்க்கில் நடக்கும் கூட்டத்திற்குத் தொலைவிலுள்ள சிற்றூர்க் கலைஞர் எவ்வாறு வருவார்? ஆகவே ஊர்தோறும் கிளைகள் அமைக்கும் முறை எழுந்தது. 1902-இல் பென்சில்வேனியாவில் கிளை தோன்றியது. அதன்பின் கிளைகள் நாடெங்கும் பரவின. இன்று அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 300. கிளையின் தலைவர்க்கு 'டீன்' என்று பெயர். தம்முள் ஒருவரை உறுப்பினரே தேர்ந்தெடுத்துக்கொள்வர்.

என் கருத்தில், இக்கலைஞர்களின் வரலாற்றில் மிகப் பெரிய செயல் இக்கிளை முறையேயாகும். தலைமைக் கழகம் தேர்வு நடத்தலாம், இதழ் வெளியிடலாம், மாநாடு கூட்டலாம். ஆனால் காய்ச்சலில் கிடக்கும் கலைஞருக்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் வாசிப்பார் என்னும் வினாவிற்குத் தலைமைக் கழகம் விடை தர இயலாது. உள்ளூர்க் கிளையே விடை தரும். மாற்றாக வாசிக்க வல்லோர் பட்டியல் பல கிளைகளிடம் இருக்கின்றது.

கிளையின் பணி எத்தன்மையது? மாதம் ஒருமுறை கூடுவர். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு கோயிலில் கூடுவதும் உண்டு. அக்கோயிலின் கலைஞர் தம் கருவியின் குணங்களை எடுத்துக்காட்டுவார். பிறர் ஒருவர்பின் ஒருவராக அமர்ந்து வாசித்துப் பார்ப்பர். ஒரே நாளில் நான்கைந்து கோயில்களுக்குச் சென்று அவற்றின் ஆர்கன்களைக் கேட்டு வருவதும் அவர்தம் வழக்கம். ஒரே கருவியில் பழகிய கைக்கு இது பெரும் பயிற்சி. தனித்திருந்த உள்ளத்திற்கு இது பெரும் விருந்து. வெளியூர் வல்லுநரை அழைத்துக் கச்சேரி நடத்துவதும், இளைஞர்க்குப் போட்டி வைத்து உதவித்தொகை வழங்குவதும் கிளைகளின் பணியே.

கோயில்களும் இதனால் நன்மை பெற்றன. புது ஆர்கன் வாங்குவது பெருஞ்செலவு; ஏமாற்றப்பட்டால் ஒரு தலைமுறை வருந்த நேரிடும். பண்டைக் காலத்தில் பாக் போன்ற வல்லுநரை அழைத்துச் சோதிப்பர். 1746-ஆம் ஆண்டில் நாவும்பர்க் நகரத்துப் புதிய ஆர்கனைப் பாக்கும், புகழ்பெற்ற ஆர்கன் சிற்பி சில்பர்மானும் இணைந்தே சோதித்தனர். ஊருக்கு ஒரு பாக் வாய்ப்பதில்லை. ஆயினும் ஊருக்கு ஒரு கிளை இருந்தால் பலர் அறிவு ஒன்றுசேர்ந்து அறிவுரை கூறும்.

படக்கொட்டகையும் பழங்கருவியும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊமைப்படங்களுக்கு இசை வழங்கும் பொருட்டு அமெரிக்கப் படக்கொட்டகைகளிலும் ஆர்கன்கள் அமைக்கப்பட்டன. கோயிற் கலைஞர் கனவிலும் காணாத ஊதியத்தைக் கொட்டகைக் கலைஞர் பெற்றனர். 1927-ஆம் ஆண்டில் பேசும் படம் மக்கள் உள்ளத்தைக் கவர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் அவ்வேலைகள் மறைந்தன. கருவிகள் தூசு படிந்து கிடந்தன. பல பிரித்து விற்கப்பட்டன. தொழில் மாற்றத்தை எந்தச் சங்கமும் தடுத்துவிட முடியாது என்பதனை இதனால் அறிகின்றோம். ஆனால் நினைவைக் காக்கச் சங்கத்தால் முடியும். 1955-ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் அக்கொட்டகை ஆர்கன்களை விரும்புவோர் கூடி ஒரு சங்கம் கண்டனர். இன்றும் சில கொட்டகைகளில் அவ்வொலி கேட்கின்றதாயின், அவ்வன்பர்களின் உழைப்பு அதற்கு ஒரு காரணமாகும்.

அதற்கு அடுத்த ஆண்டு மற்றொரு நிகழ்ச்சி. 1956-இல் நியூயார்க்கில் ஆர்கன் கலைஞர் கழகத்தின் தேசிய மாநாடு நடைபெற்றது. அதற்கு வந்திருந்தோருள் சிலர் ஒரு கோயிலின் பாடகர் அறையில் கூடிப் பழைய அமெரிக்க ஆர்கன்கள் அழிந்து வருவதைப் பற்றி உரையாடினர். அவ்வுரையாடலிலிருந்தே ஆர்கன் வரலாற்றுச் சங்கம் பிறந்தது. வெவ்வேறு ஊர்களில் ஒவ்வொருவரும் தனித்தனியே வருந்தியிருந்தால் அவ்வருத்தம் பெருமூச்சாகவே முடிந்திருக்கும். ஓரிடத்தில் கூடியமையால் அது செயலாயிற்று.

குறைகளும் உண்டு

சங்கத்தின் நன்மையை மட்டும் கூறி, குறையை மறைப்பது நேர்மையாகாது. முதலாவது, பிரிவினை. 1908-ஆம் ஆண்டில் நியூஜெர்சி மாநிலத்து ஓஷன் குரோவ் என்னும் இடத்தில் தேசிய ஆர்கன் கலைஞர் சங்கம் என்ற மற்றோர் அமைப்பு தோன்றியது. ஒரே தொழிலோர்க்கு இரண்டு அமைப்புகள்! இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, பொருளாதார நெருக்கடி வாட்டிய காலமாகிய 1935-இல், இரண்டும் ஒன்றாயின.

இரண்டாவது குறை இதனினும் நுட்பமானது. தம் உறுப்பினரைக் காக்கும் ஆர்வத்தில் சங்கம் வேலி கட்டத் தொடங்கும். ஒரு கோயிலில் திருமணத்திற்கு வெளியார் ஒருவரை வாசிக்க அழைத்தால், வாசிக்காத உள்ளூர்க் கலைஞர்க்கும் கட்டணம் தரவேண்டும் என்னும் வழக்கத்திற்கு அமெரிக்கக் கழகத்தின் நெறிமுறை இடமளித்தது. ஊதிய அட்டவணைகளும் வெளியிடப்பட்டன. இவை வாணிகப் போட்டியைத் தடுப்பவை என்று அந்நாட்டுக் கூட்டாட்சி வாணிக ஆணையம் குற்றஞ்சாட்டவே, 2017-ஆம் ஆண்டில் அவற்றைக் கைவிடக் கழகம் இணங்கியது. வறுமையிலிருந்து காக்க எழுந்த கை, பிறரைத் தள்ளும் கையாக மாறாதிருத்தல் வேண்டும். எல்லாச் சங்கங்களும் தம்மைத் தாமே அவ்வப்போது சோதித்துக்கொள்ள வேண்டிய இடம் இது.

மூன்றாவது, முதுமை. கோயிலுக்கு வருவோர் குறையக் குறைய, ஆர்கன் கற்க வரும் இளைஞரும் குறைந்தனர். கூட்டத்தில் நரைத்த தலைகளே மிகுந்தன. இதனை உணர்ந்த அமெரிக்கக் கழகம் 1988-ஆம் ஆண்டு முதல் இளைஞர்க்கெனக் கோடை முகாம்களை நடத்தி வருகின்றது. பியானோ மட்டுமே அறிந்த சிறுவர் சிறுமியர் சில நாள் தங்கி, பெரிய ஆர்கன்களில் அமர்ந்து வாசிக்கக் கற்கின்றனர். இம்முகாம்களை உழைத்து நடத்துவோருள் உள்ளூர்க் கிளைகளின் உறுப்பினர் முன்னிற்கின்றனர். பூட்டிய கோயிலின் சாவி கிளை உறுப்பினரிடம் அன்றோ இருக்கின்றது! அச்சாவியை அடுத்த தலைமுறையின் கையில் கொடுக்கத் துணியும் சங்கமே வாழும்.

நாம் கொள்ளத்தக்கது

மீண்டும் நம் நகரத்திற்கு வருவோம். நம் நாட்டில் குழல் ஆர்கன்கள் மிகச் சில. மழைக்காலத்து ஈரத்தில் மரம் உப்பும், தோல் கெடும், செப்பனிட வல்லோரைக் காண்பதும் அரிது. இங்கே ஒருவர் அக்கருவியின் முன் அமர்கின்றார் எனின், இலண்டன் கலைஞரைவிடப் பன்மடங்கு தனிமையில் அமர்கின்றார். அவரைப் பற்றி எண்ணும்போதெல்லாம், இந்நகருக்கு வந்த புதிதில் என்னைப் பற்றியே எண்ணிக்கொள்வேன்.

தமிழ்ச் சொல் ஒன்றைக் கேட்கவேண்டி நான்கு தெருக்கள் நடந்த நாள்கள் அவை. அடுத்த தெருவிலேயே தமிழ்க் குடும்பம் ஒன்று வாழ்ந்ததை ஓராண்டு கழித்தே அறிந்தேன். அவர்களும் என்னைப் போலவே காலையில் அலுவலகம் சென்று மாலையில் கதவடைத்துக்கொண்டிருந்தனர். எல்லாரும் ஒரே நேரத்தில் தத்தம் பணியில் மூழ்கியிருந்தமையால் ஒருவரை ஒருவர் அறியவில்லை. நம் சங்கத்தின் ஒரு பொங்கல் விழாவிலேதான் முதன்முதல் சந்தித்தோம். அந்த ஆண்டே எனக்கு நச்சுக்காய்ச்சல் கண்டபோது, கஞ்சி வைத்து அனுப்பியவர் அவ்வீட்டு அம்மையார். "உடல்நலம் குன்றினால் யார்?" என்று பேராலயத்தில் நான் கேட்ட வினாவிற்கு விடை எனக்கே கிடைத்துவிட்டது.

தனிமரம் தோப்பாகாது என்பது நம்மவர் பழமொழி. தனித்து வாசிப்பதையே தொழிலாகக் கொண்டோர், அத்தனிமையை விட்டுவிடாமலே தோப்பான வரலாறு இது. அவர்கள் ஞாயிறுதோறும் இன்றும் தனியேதான் அமர்கின்றனர். ஆனால் தம்மை அறிந்தவர் பலர் அதே நேரத்தில் அதே பணியில் இருக்கின்றனர் என்னும் நினைவோடு அமர்கின்றனர். திறமையை அளக்கும் கோல், துன்பத்தில் உதவும் கை, பிறர் கருவியில் பழகும் வாய்ப்பு, பழமையைக் காக்கும் முயற்சி, இளையோர்க்குத் திறக்கும் கதவு ஆகிய ஐந்தும் அவர்கள் சங்கத்தால் பெற்றவை.

நம் சங்கமும் தன் ஆண்டு விழாவைக் கொண்டாடுகின்றது. மேடையும் மாலையும் வேண்டுவனவே. ஆயினும் விழா முடிந்து விளக்குகள் அணைந்த பின், இந்நகருக்குப் புதிதாக வந்து கதவடைத்திருக்கும் தமிழ்க் குடும்பம் எத்தெருவில் உள்ளது என்று நம்முள் ஒருவர் கேட்பாராயின், அதுவே இச்சங்கத்தின் உண்மையான தொண்டாகும். அவ்வினாவைக் கேட்குங்கால், இம்மலரைப் புரட்டும் அன்பர்கள் கண்ணுக்குத் தெரியாமல் இருந்து இசைக்கும் அவ்வார்கன் கலைஞரையும் ஒரு கணம் நினைவு கூர்வாராக.